நாளிதழ்களில் ஓவியத் திறனாய்வு: வளர்ச்சியும் தேய்வும்

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்தைக் காட்டுகிறது. அங்கு வந்தோர் சுவரோவியங்களைக் கண்டு இவர் யார் என வினவ, அறிந்தோர் இரதி என்றும் காமன் என்றும் விடையிறுக்கின்றனர். அகலிகை கல்லுருவான காட்சியும் அவ்வாறே சுட்டி விளக்கப்படுகிறது. ஓவியத்தின் முன் நின்று ஒருவர் மற்றவர்க்கு எடுத்துரைத்தலைப் பதிவுசெய்த தொன்மையான தமிழ்ச் சான்று இது எனலாம். அச்சு ஊடகம் பரவியபின் இவ்வெடுத்துரைத்தலை நகரம் முழுவதற்குமாகச் செய்யும் வாய்ப்பு நாளிதழுக்குக் கிட்டியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இந்தியப் பெருநகரங்களின் ஆங்கில நாளிதழ்கள் அதனைச் செய்தன, பின்னர்க் கைவிட்டன. அவை செய்தது எவ்வாறு, கைவிட்டது ஏன், அதனால் கலை வரலாறு இழந்தது யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பம்பாய் நகரம் இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

கண்காட்சியின் காலமும் நாளிதழின் காலமும்

ஒரு நூல் வெளிவந்தபின் பத்தாண்டு கழித்தும் அதற்கு மதிப்புரை எழுதலாம். நூல் நூலகத்தில் இருக்கும். ஓவியக் கண்காட்சி அத்தகையதன்று. பம்பாய் ஜஹாங்கீர் கலைக்கூடம் 1952-இல் திறக்கப்பட்டது முதல் அங்குப் பெரும்பாலான கண்காட்சிகள் ஒரு வார காலமே நடைபெற்று வந்துள்ளன. ஏழாம் நாள் மாலையில் ஓவியங்கள் சுவரிலிருந்து இறக்கப்படும். சில விற்பனையாகி வரவேற்பறைகளுக்குச் செல்லும். எஞ்சியவை ஓவியரின் வீட்டுப் பரணுக்குத் திரும்பும். அதே ஓவியங்கள் அதே வரிசையில் மீண்டும் ஓரிடத்தில் கூடுவது அரிதினும் அரிது. ஆகவே கண்காட்சி நடக்கும்போதே அதனைக் கண்டு எழுதி, வாசகர் சென்று பார்ப்பதற்குள் அச்சிட்டுத் தரவல்ல ஊடகம் நாளிதழ் ஒன்றே. திங்களிதழும் காலாண்டிதழும் ஆழமாக எழுதலாம். ஆயின் அவை வெளிவருகையில் கலைக்கூடத்தின் சுவரில் வேறொருவர் ஓவியம் தொங்கும். நாளிதழ்த் திறனாய்வின் தனிப்பயனை இக்கால ஒருமைப்பாட்டில்தான் காண வேண்டும். அதன் நடையழகையோ கோட்பாட்டு வலிமையையோ மட்டும் கொண்டு அதனை மதிப்பிடுதல் பொருந்தாது.

நாளிதழ்க்கு முன்னரே திங்களிதழ்கள் இத்துறையில் வழிகாட்டின என்பதையும் குறிப்பிட வேண்டும். இராமானந்த சட்டர்ஜி நடத்திய பிரபாசி (1901), மாடர்ன் ரெவ்யூ (1907) ஆகிய இதழ்கள் வண்ணப் படங்களை அச்சிட்டு வாசகர் இல்லங்களுக்கு ஓவியங்களைக் கொண்டு சேர்த்தன. தொடக்கத்தில் இரவிவர்மாவைப் போற்றிய இராமானந்தர் பின்னர் அவனீந்திரநாத தாகூரின் வங்காளப் பாணியை ஏற்றதில் சகோதரி நிவேதிதைக்குப் பெரும் பங்குண்டு. மாடர்ன் ரெவ்யூவில் நிவேதிதை எழுதிய ஓவியக் குறிப்புகள் இந்திய இதழியலில் இவ்வகை எழுத்தின் முன்னோடிகளாகும். நிவேதிதையைத் தம் குருவாகக் கொண்ட பாரதி, இரவிவர்மா 1906-இல் மறைந்தபோது கவிதை இயற்றியதும், இந்தியா இதழில் கருத்துப்படங்களை இடம்பெறச் செய்ததும் தமிழுலகம் நன்கறிந்தவை.

பம்பாய்: வந்தேறிகளின் பங்கு

பம்பாய்க் கலைச் சங்கம் 1888-இல் தோன்றியது. அதன் ஆண்டுக் கண்காட்சிகள் ஆங்கில நாளிதழ்களில் இடம்பெற்றன எனினும் அவை பெரிதும் சமூக நிகழ்ச்சிச் செய்திகளாகவே அமைந்தன. இந்நிலை மாறியது 1930-களின் இறுதியிலும் 1940-களிலுமாகும். மாற்றத்துக்குக் காரணமானோர் நாஜி ஆட்சியிலிருந்து தப்பி வந்த ஐரோப்பியர் சிலர்.

ரூடால்ஃப் வான் லெய்டன் பெர்லினில் பிறந்தவர், நிலவியல் பயின்றவர். 1933-இல் பம்பாய்க்கு வந்தார். டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழில் அவர் எழுதிய கலைத் திறனாய்வுகள் அந்நகரின் இளம் ஓவியர்க்கு முதல் பொது மேடையாயின. வியன்னாவிலிருந்து வந்த ஓவியர் வால்டர் லாங்ஹாமர் அதே நாளிதழின் கலை இயக்குநராகப் பணியாற்றினார். அவர் இல்லத்தில் ஓவியர்கள் கூடி உரையாடினர். இமானுவேல் ஷ்லெசிங்கர் ஓவியங்களை விலைகொடுத்து வாங்கினார். எழுதுபவர், கற்பிப்பவர், வாங்குபவர் என மூவரும் ஒரே வட்டத்தில் அமைந்தது அந்நகரின் நற்பேறு.

கே. எச். ஆராவின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்று. வீட்டுப் பணியாளராக வாழ்ந்துகொண்டே வரைந்த அவரை அடையாளங்கண்டு ஊக்குவித்தவர்களுள் வான் லெய்டன் முதன்மையானவர். ஆராவின் முதல் தனிக்கண்காட்சி 1942-இல் சேத்தனா உணவகத்தில் நடைபெற்றது. கலைக்கூடம் என்று ஒன்று இல்லாத நகரில் உணவகச் சுவரில் தொங்கிய ஓவியங்களைக் கலை என்று சொல்ல ஒரு நாளிதழ் பத்தி தேவைப்பட்டது. 1947-இல் சூசா, ரஸா, ஆரா, ஹுசைன், காடே, பாக்ரே ஆகிய அறுவரும் முற்போக்குக் கலைஞர் குழுவை அமைத்தனர். 1949-இல் அக்குழு பம்பாயில் நடத்திய கண்காட்சி இன்று இந்திய நவீன ஓவியத்தின் திருப்புமுனையாக எல்லா வரலாற்று நூல்களிலும் இடம்பெறுகிறது. அவ்வாறு இடம்பெறுவதற்குரிய தரவுகள் எங்கிருந்து வந்தன என்று வினவினால், ஓவியர்களின் கடிதங்களுக்கும் நினைவுக் குறிப்புகளுக்கும் அடுத்தபடியாக நாளிதழ் நறுக்குகளே நிற்கும்.

இக்காலத்தைப் பொற்காலம் என்று போற்றுதல் எளிது. ஆயின் அது முழு உண்மையன்று. வான் லெய்டன் தாம் எழுதிய ஓவியர்களுக்கு நண்பர். அவர்தம் ஓவியங்களைச் சேகரித்தவரும்கூட. இன்றைய இதழியல் நெறிப்படி இது நலமுரண் ஆகும். அவ்வட்டத்துக்கு வெளியே இருந்த ஓவியர்கள், குறிப்பாகக் கல்விக்கழகப் பாணியில் வரைந்தோர், அவர் எழுத்தில் உரிய இடம் பெறவில்லை என்னும் குறை நியாயமானதே. எனினும் அக்குறையைச் சொல்வதற்கும் அவர் எழுதியவை அச்சில் இருப்பதே வழிசெய்கிறது. பக்கச்சார்புடைய திறனாய்வை மறுக்கலாம். எழுதப்படாத திறனாய்வை மறுக்கவும் இயலாது.

அவருக்குப் பின்னும் மரபு தொடர்ந்தது. கவிஞர் நிசிம் எசக்கியல் 1964 முதல் 1966 வரை டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் கலைத் திறனாய்வாளராக இருந்தார். தியானேஷ்வர் நாட்கர்ணி மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். மற்றொரு கவிஞரான ரஞ்சித் ஹொஸ்கொட்டே 1988 முதல் 1999 வரை அதே நாளிதழில் எழுதினார். கவிஞர்களே இப்பணியை மேற்கொண்டமை கருதத்தக்கது. குறைந்த ஊதியத்துக்குச் சொல்லை எண்ணிச் செலவிடும் வேலை இது. அதற்குக் கவிஞரைவிடப் பொருத்தமானவர் யார்?

தில்லி: ஓவியரே திறனாய்வாளர்

தில்லியின் நிலை சற்று வேறுபட்டது. ஹங்கேரி நாட்டவரான சார்லஸ் ஃபாப்ரி லாகூரிலிருந்தபோதே அம்ரிதா ஷெர்-கிலின் ஓவியங்களை வரவேற்று எழுதியவர். பின்னர்த் தில்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் எழுதினார். கிருஷ்ண சைதன்யா என்னும் புனைபெயர் கொண்ட கே. கே. நாயர் ஹிந்துஸ்தான் டைம்ஸில் நெடுங்காலம் எழுதினார். கேசவ் மாலிக் முதலில் அந்நாளிதழிலும் பின்னர் டைம்ஸ் ஆஃப் இந்தியாவிலும் எழுதினார். ஜே. சுவாமிநாதன் லிங்க் வார இதழில் திறனாய்வு எழுதிக்கொண்டே ஓவியராக வளர்ந்தார். 1966-இல் கான்ட்ரா என்னும் இதழைத் தாமே தொடங்கினார்.

இவர்களுள் ரிச்சர்ட் பார்த்தலோமியு தனித்து நோக்கத்தக்கவர். பர்மாவின் தவாய் நகரில் 1926-இல் பிறந்து, ஜப்பானியப் படையெடுப்பின்போது தப்பி இந்தியாவுக்கு வந்தவர். ஓவியர், கவிஞர், ஒளிப்படக் கலைஞர். 1950-களின் பிற்பகுதியிலிருந்து இந்தியன் எக்ஸ்பிரஸ், டைம்ஸ் ஆஃப் இந்தியா ஆகியவற்றில் எழுதினார். பின்னர் லலித் கலா அகாதெமியின் செயலராகப் பணியாற்றி 1985-இல் மறைந்தார். அவருடைய திறனாய்வுகள் பெரியதொரு தொகுப்பாக வெளிவந்த ஆண்டு 2012. அதனை முன்னின்று கொணர்ந்தவர் அவர் மகன் பாப்லோ பார்த்தலோமியு. ஒரு தலைமுறையின் தில்லி ஓவிய வரலாறு ஒரு குடும்பம் காத்துவைத்த நறுக்குகளிலிருந்து மீண்டது என்பதை ஆய்வாளர் மனங்கொள்ள வேண்டும்.

தமிழ் வாசகர்க்கு இங்கு ஓர் ஒப்புமை தோன்றாமற் போகாது. பர்மாவிலிருந்து அதே போரின்போது வந்து, அதே தில்லியில் வாழ்ந்து, கலைத் திறனாய்வால் பெயர்பெற்ற மற்றொருவர் சுப்புடு. அவர் எழுதியது இசையும் நடனமும் பற்றி. அவரது எழுத்துக்கு அஞ்சிய வித்துவான்களைப் பற்றிய கதைகள் இன்றும் வழங்குகின்றன. ஓவியத்துக்கு அத்தகைய ஒருவர் தமிழில் தோன்றவில்லை.

தமிழில் நேர்ந்தது

ஏன் தோன்றவில்லை என்பது விரிவாக ஆராயத்தக்கது. கல்கி ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய காலந்தொட்டுத் தமிழ் இதழ்களில் இசை விமரிசனம் ஒரு நிலைத்த பகுதியாயிற்று. சபாக்கள் இருந்தன, டிசம்பர் விழா இருந்தது, பாட்டைக் கேட்டு வந்து மறுநாள் இதழில் எழுதியதைப் படித்துச் சண்டையிடும் இரசிகர் கூட்டம் இருந்தது. ஓவியத்துக்கு இம்மூன்றும் வாய்க்கவில்லை. ஓவியம் இதழ்களுக்குள் வேறொரு வாயிலால் நுழைந்தது. மாலியும் கோபுலுவும் வரைந்த சித்திரங்களும், சில்பி தென்னாட்டுச் செல்வங்கள் என்னும் தொடருக்காகக் கோயில் கோயிலாகச் சென்று வரைந்த சிற்ப வடிவங்களும் பல்லாயிரம் இல்லங்களைச் சென்றடைந்தன. தமிழர் ஓவியத்தை இதழில் கண்டனர். ஓவியத்தைப் பற்றி இதழில் படிக்கவில்லை. இவ்விரண்டும் வேறுவேறு என்பது போதிய அளவு உணரப்படவில்லை.

இத்தனைக்கும் சென்னையில் கலைச் செயற்பாடு குறைவாக இருந்ததில்லை. 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தின் சார்பில் 1961-இல் ஆர்ட்ரெண்ட்ஸ் என்னும் ஆங்கில இதழ் தொடங்கப்பெற்றது. கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பொருளியல் பேராசிரியர் ஜோசப் ஜேம்ஸ் இவ்வியக்கத்தின் திறனாய்வாளராக விளங்கினார். சோழமண்டலம் பற்றி அவர் பதிப்பித்த நூல் 2004-இல் வெளிவந்தது. இவை அனைத்தும் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன.

தமிழில் அப்பணியைச் செய்தவை சிற்றிதழ்கள். 1970-இல் தொடங்கிய கசடதபற முதலாக ஓவியர்களும் எழுத்தாளர்களும் நெருங்கிப் பழகிய ஒரு சூழல் உருவாயிற்று. கே. எம். ஆதிமூலத்தின் கோடுகளும் எழுத்துருக்களும் சிற்றிதழ் அட்டைகளிலும் நூலட்டைகளிலும் இடம்பெற்றன. கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசி ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அவர் வரைந்த படங்கள் பெருவாசகரையும் எட்டின. வெங்கட் சாமிநாதன் ஓவியம், நாடகம், திரைப்படம் அனைத்தையும் ஒரே பண்பாட்டு விசாரணையின் கூறுகளாக வைத்து எழுதினார். கோட்டோவியம், அரூப ஓவியம், நவீன ஓவியம் போன்ற தொடர்கள் இவ்வெழுத்தின் வழியே வழக்கூன்றின. ஆயின் சிற்றிதழின் வாசகர் சில நூற்றுவர். அது வெளிவரும் நாளும் உறுதியற்றது. சென்ற வாரக் கண்காட்சியைப் பற்றிய குறிப்பு அடுத்த ஆண்டு வெளியான நிகழ்வுகளைச் சிற்றிதழ் வாசகர்கள் வியப்பின்றி ஏற்பர்.

இதன் விளைவு கலை வரலாற்றில் வெளிப்படையாகத் தெரிகிறது. இந்திய நவீன ஓவிய வரலாறு பம்பாய், தில்லி, கல்கத்தா, பரோடா என விரிவாக எழுதப்படும். சென்னை பெரும்பாலும் ஓர் இயலாகவோ ஒரு பத்தியாகவோ சுருங்கும். ஓவியத்தின் தரம் பற்றிய தீர்ப்பாக இதனைக் கொள்ளத் தேவையில்லை. நாள்தோறும் எழுதியோர் இருந்த நகரங்களுக்குத் தரவு மிகுதி; தரவு மிகுந்த இடத்தில் வரலாறும் மிகும்.

தேய்வு

தேய்வு ஒரே நாளில் நேர்ந்ததன்று. இதழ்களின் பக்கங்களை வண்ணப் படங்களால் நிறைத்து ஓவியர்களை அறிமுகப்படுத்திய இல்லஸ்டிரேட்டட் வீக்லி 1993-இல் நின்றது. 1990-களில் பெருநாளிதழ்களிடையே விலைக்குறைப்புப் போட்டி மூண்டது. நாளிதழின் வருவாய் வாசகர் தரும் காசிலிருந்து விளம்பரதாரர் தரும் பணத்துக்கு மேலும் மேலும் சாய்ந்தது. அதே பத்தாண்டின் நடுவில் பம்பாய் டைம்ஸ் போன்ற நகர இணைப்புகள் வந்தன. பக்கங்கள் கூடின, திறனாய்வு கூடவில்லை. கண்காட்சித் தொடக்க விழாவுக்கு வந்தோரின் ஒளிப்படங்கள் ஓவியங்களின் இடத்தைப் பிடித்தன. 2003-இல் டைம்ஸ் குழுமம் மீடியாநெட் என்னும் பிரிவைத் தொடங்கி, இணைப்புப் பக்கங்களில் கட்டணம் பெற்றுச் செய்தி வெளியிடும் முறையை ஏற்படுத்தியது. கட்டணம் செலுத்தி இடம்பெறும் பக்கத்தில் ஒரு கண்காட்சியை ‘நன்றாக அமையவில்லை’ என்று எழுத இடமேது?

இதனுடன் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. மதிப்புரையின் இடத்தை முன்னோட்டம் பற்றிக்கொண்டது. முன்னோட்டம் கண்காட்சி திறக்கும் நாளிலோ அதற்கு முன்னரோ வெளியாவது. கலைக்கூடம் அனுப்பும் குறிப்பையும் ஓவியரின் கூற்றையும் கொண்டு எழுதப்படுவது. ஓவியத்தைக் காணாமலே எழுதத்தக்க வகை இது. கண்டு எழுதுவதே திறனாய்வு என்ற அடிப்படை இங்கு மறைந்தது.

விந்தை என்னவெனில், இத்தேய்வு ஓவியச் சந்தை வளர்ந்த காலத்திலேயே நிகழ்ந்ததாகும். 2002-இல் தையப் மேத்தாவின் செலிபிரேஷன் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போனது. 2005-இல் அவரது மகிஷாசுரன் பத்து இலட்சம் டாலரைக் கடந்தது. அதன்பின் ஓவியம் நாளிதழின் முதல் பக்கத்திலும் வணிகப் பக்கத்திலும் இடம்பெறலாயிற்று. பங்குக் குறியீட்டைப் போல ஓவியக் குறியீடும் பொருளாதார நாளிதழில் வெளியானது. 2025 மார்ச்சில் ஹுசைனின் கிராம யாத்திரை 1 கோடியே 37 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோனபோது தலைப்புகளில் நின்றது அத்தொகைதான். 1954-இல் வரையப்பட்ட அவ்வோவியத்தில் சிற்றூர் வாழ்வின் பதின்மூன்று காட்சிகள் உள்ளன. பெரும் ஓவியரின் கதை அக்காட்சிகளில் இருக்கிறதேயன்றி விலையில் இல்லை.

திறனாய்வாளர்கள் மறைந்துவிடவில்லை, இடம் மாறினர். கலைக்கூடங்களின் கண்காட்சி மலர்களுக்கு எழுதுவதும், கண்காட்சிகளை வடிவமைப்பதும் அவர்தம் பணியாயின. ஹொஸ்கொட்டே 2011-இல் வெனிஸ் இருபதாண்டு… எனப் பிழையாக எண்ணப்படாத, ஈராண்டுக்கொருமுறை நடைபெறும் வெனிஸ் கலைவிழாவில் இந்திய அரங்கை வடிவமைத்தார். அப்பணிகளின் சிறப்பை மறுப்பதற்கில்லை. எனினும் கண்காட்சி மலரை எழுதச் சொல்பவர் கலைக்கூட உரிமையாளர். படிப்பவர் கலைக்கூடத்துக்கு முன்னரே வந்துவிட்டவர். காலையில் காப்பியுடன் நாளிதழைப் புரட்டுகையில் தற்செயலாக ஓர் ஓவியரின் பெயரைக் கண்டு, மாலையில் அவ்வழியே செல்லும்போது உள்ளே நுழைந்து பார்க்கும் எழுத்தர் அவ்வெழுத்தின் வாசகரல்லர். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்று நாளிதழ்ப் பக்கங்களை மேலும் சுருக்கியது. மும்பை மிர்ரர் நாளிதழாக வெளிவருவது அவ்வாண்டு டிசம்பரில் நிறுத்தப்பட்டது.

வழக்கே செய்தியாதல்

இவ்விழப்பின் கடுமை அமைதியான நாள்களில் புலப்படுவதில்லை. 1954-இல் அக்பர் பதம்ஸியின் இரண்டு ஓவியங்கள் ஆபாசமானவை எனக் காவல்துறை வழக்குத் தொடர்ந்தது. அவர் விடுதலை பெற்றார். அவ்வழக்கு ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் அப்போது மாட்டப்பட்டிருந்த ஓவியங்களைப் பற்றியது. விரும்பியோர் சென்று பார்த்துத் தாமே முடிவுசெய்யக்கூடிய நிலை இருந்தது. அவ்வோவியரைப் பற்றி நகரம் ஏதோ ஓரளவு படித்தும் இருந்தது.

1996-இல் நேர்ந்தது வேறு. ஹுசைன் 1970-களில் வரைந்த சரசுவதி கோட்டோவியம் ஒன்றைப் போபாலில் வெளியான விசார் மீமாம்சா என்னும் இந்தித் திங்களிதழ் மறுபதிப்புச் செய்து அவரைத் தாக்கி எழுதியது. ஏறத்தாழ இருபதாண்டுகள் எவர் கண்ணையும் உறுத்தாத கோடுகள் அவை. ஹுசைன் யார், அவர் ஓவியமொழி எத்தகையது, இந்தியச் சிற்ப மரபோடு அதற்குள்ள தொடர்பு யாது என்பவற்றை ஒருநாளும் தம் மொழி இதழ்களில் படித்திராத வாசகருக்கு அவ்வோவியம் முதன்முறை அறிமுகமானது ஒரு குற்றச்சாட்டின் வாயிலாகவே. வழக்குகள் பதிவாயின; அகமதாபாதில் அவர் படைப்புகள் சேதப்படுத்தப்பட்டன. 2006-இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். 2008 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அவர்மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்தபோது, இந்தியக் கலை மரபில் உடலுக்குள்ள இடத்தைத் தீர்ப்பிலேயே விளக்க நேர்ந்தது. திறனாய்வாளர் ஐம்பதாண்டுகளாக வட்டார மொழிகளில் எழுதியிருக்க வேண்டியதை நீதிபதி எழுதினார். ஹுசைன் 2010-இல் கத்தார் நாட்டுக் குடியுரிமை பெற்று, 2011 ஜூனில் இலண்டனில் மறைந்தார். திறனாய்வு இருந்திருந்தால் இவை எதுவும் நிகழ்ந்திரா என்று கூறுதல் மிகையாகும். அரசியல் காரணங்கள் வலியவை. ஆயின் குற்றச்சாட்டைக் கேட்ட பொது வாசகரிடம் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேறு சொற்களே இல்லாதிருந்தமை மறுக்கவியலாதது.

ஆய்வாளர் முன் உள்ளவை

ஆங்கில நாளிதழ்களின் திறனாய்வுகள் ஓரளவேனும் தொகுக்கப்படுகின்றன. பார்த்தலோமியுவின் தொகுப்பு ஒரு முன்மாதிரி. ஆசியக் கலை ஆவணகம் தெற்காசியக் கலை எழுத்துகளுக்கு இந்திய மொழிகள் பலவற்றையும் உள்ளடக்கிய நூலடைவை உருவாக்கியுள்ளது. தமிழில் தொகுக்கப்பட வேண்டியவை சிற்றிதழ்களின் பின்பக்கங்களில் சிறு எழுத்தில் அச்சான கண்காட்சிக் குறிப்புகள், கண்காட்சி அழைப்பிதழ்கள், அட்டைப்படம் பற்றிய ஒரு வரிக் குறிப்புகள் ஆகியன. இலக்கியத்துக்காகச் சிற்றிதழ்களை அடைவு செய்த ஆய்வேடுகள் கதை, கவிதை, கட்டுரை எனப் பகுத்து இவற்றைப் ‘பிற’ என்னும் தலைப்பில் ஒதுக்குவது வழக்கம். அந்தப் ‘பிற’ என்னும் பகுதியிலிருந்தே சென்னையின் ஓவிய வரலாற்றைத் தேடத் தொடங்க வேண்டியுள்ளது. ஓவியத்தைக் குறிக்கத் தமிழில் உருவான கலைச்சொற்கள் எந்த இதழில், எந்த ஆண்டில், எவர் கையில் முதலில் தோன்றின என்பதும் அங்கேதான் கிடைக்கும். மலிவான தாளில் அச்சான அவ்விதழ்கள் மடிப்பில் ஒடிந்து உதிரும் நிலையில் உள்ளன.